பற்று நோட்டில் ஓர் ஊர்



ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிப் பேசும்படி யாரை அழைத்தாலும், அவர் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் தொடங்கி, 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் அவதரித்தவராகச் சம்பிரதாயம் கொண்டாடும் உடையவராகிய இராமாநுஜருடைய மகிமையை விஸ்தரித்து, 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி இரவு ராஜீவ் காந்தி இவ்வூரில் கொல்லப்பட்ட துயரத்தைச் சொல்லி, அதன்பின் மோட்டார் காரும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்கிற தொழிற்சாலைகளின் பெயர்களை வரிசையாக அடுக்கி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவை அம்மூன்றுமே என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இங்கே வசித்தவர்கள் உப்பும் புளியும் எங்கே வாங்கினார்கள், மழை பொய்த்த வருஷத்தில் அவற்றை யார் கடனாகக் கொடுத்தார்கள், கொடுத்தவர் எப்படிப்பட்ட சுபாவமுடையவர், வாங்கியவர் திருப்பிக் கொடுத்தாரா என்ற விஷயங்கள் அம்மூன்றிலும் அகப்படுவதில்லை. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கடைக்காரர்களையும் கைத்தொழில்காரர்களையும் பற்றிப் பேசுவதற்கு ஒரு சபையைக் கூட்ட வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்களுக்கு உடையவருடைய சரித்திரத்தையே சாட்சியாக வைக்கிறேன். பூவிருந்தவல்லியிலே பிறந்த வைசியரான திருக்கச்சி நம்பிகள், தாம் வளர்த்த புஷ்பங்களைக் காஞ்சி வரதருக்குச் சமர்ப்பிப்பதற்காக இவ்வூர் வீதி வழியாகப் போய்வந்ததையும், அப்படிப் போகையில் இளைஞரான இராமாநுஜர் அவரைக் கண்டு ஈடுபட்டதையும் குருபரம்பரை நூல்கள் சிரத்தையோடு சொல்லுகின்றன. இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகிற சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலைக்கு ஏறத்தாழ அதுவே பழைய தடம். இவ்வூர்த் தெருவில் நடந்து போன சாமானியர் ஒருவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி, பூக்கூடை சுமந்து போன ஒருவரைப் பற்றியதாக இருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது.

அந்தச் சரித்திரத்தில் இன்னும் பலர் வருகிறார்கள். திருவரங்கத்தில் பெருமாளுடைய வஸ்திரங்களை அழுக்கறச் செவ்வையாக வெளுத்துக் கொண்டுவந்த வண்ணார் ஒருவரை உடையவர் சந்நிதிக்கே அழைத்துப் போய்ப் பெருமாளுக்குக் காட்டினார் என்று ஒரு வார்த்தை வழங்குகிறது. தயிர் விற்க வந்த பெண் ஒருத்தி, விலை எவ்வளவு என்று கேட்டபோது காசு வேண்டாம், மோட்சம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க, அதைக் கொடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று சொன்ன உடையவர், கடைசியில் திருவேங்கடமுடையான் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினார் என்பது மற்றொன்று. பக்தியின் நோக்கில் இதற்குப் பெரியோர்கள் செய்யும் வியாக்கியானம் வேறு. கடைத்தெருவின் நோக்கில் பார்க்கிற எனக்கோ, தயிருக்குக் கொடுக்க வேண்டிய விலையை மலைமேல் இருக்கும் ஒருவர் கணக்கில் பற்றெழுதி அனுப்பிய விவகாரமாகவே அது தோன்றுகிறது. அந்தச் சீட்டு அங்கே செல்லுபடியாயிற்று என்பதும் கதையின் பகுதி. இன்னார் எழுதியனுப்பினார் என்ற ஒன்றைத் தவிர அதற்கு வேறு ஜாமீன் இல்லை.

இப்பிரதேசத்தின் சாமானியர்களை வேறொருவர் வேறு விதமாக எழுதிவைத்திருக்கிறார். செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்த பிறகு, தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை அளந்து, ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை வீடுகள், எந்தெந்தத் தொழிலார், ஏரி எவ்வளவு, களத்துமேட்டில் கொல்லனுக்கும் தச்சனுக்கும் நாவிதனுக்கும் நீர்க்கட்டிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் திரட்டினார். அதற்கு ஆதாரமான தமிழ் ஓலைச்சுவடிகள் பலவும் பிழைத்திருக்கின்றன. ஏரியின் மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டியின் பங்கு இத்தனை மரக்கால் என்று அவற்றிலே தெரிந்துகொள்ளலாம்; அவன் நடுராத்திரியில் மழை வலுத்தபோது எழுந்து போனானா, தனக்கு வேண்டியவர் வயலுக்குச் சற்று முந்தித் தண்ணீர் விட்டானா என்று தெரிந்துகொள்ள முடியாது. அந்த இரண்டாவது வகை விருத்தாந்தம் பக்கத்து வயல்காரன் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும். அவனோடே அது போய்விடும்.

ஆகவே ஞாபகத்தில் இருப்பவர்களிடமிருந்து அதை எழுதி வாங்க வேண்டிய காலம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் அறிந்த அளவில் இச்சுற்றுவட்டாரத்துப் பழைய கடைத்தெருவில் இருந்த சிலரைச் சொல்லுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

முதலாவதாக மளிகைக்கடைக்காரர். அவருடைய கடையில் விசேஷமான பொருள் எடைத்தட்டும் அன்று, கல்லாப்பெட்டியும் அன்று. பிள்ளையார் சுழியோடு ஆரம்பித்து, சிவப்புத் துணி அட்டை போட்டு, நூற்கயிற்றால் கட்டிவைத்திருந்த நீண்ட பற்று நோட்டேயாகும். இது ஏரிப்பாசன சீமை. சம்பா, நவரை, சொர்ணவாரி என்ற பட்டங்களைச் சார்ந்தே இங்கே ஜீவனம் நடந்தது. ஆகையால் கடனும் அப்பட்டங்களையே அனுசரித்து ஏறி இறங்கிற்று. நாற்று விடுகிற காலத்தில் நோட்டு கனக்கும். களத்தில் நெல் விழுந்ததும் அது இளைக்கும். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, எந்த வீட்டில் திடீரென்று சர்க்கரை அதிகமாக வாங்குகிறார்கள், எந்த வீட்டில் எண்ணெய் குறைந்துவிட்டது என்பதெல்லாம் தாலுகா ஆபீஸுக்கு எட்டாத செய்திகள். அவருக்கு அவை விரல் நுனியில் இருந்தன. அப்படி இருந்தும், ஒரு வீட்டாருடைய பாக்கியை மற்றொரு வீட்டார் காதில் விழும்படி அவர் சொன்னதாக ஞாபகம் இல்லை. நாலு பேர் நிற்கையில் பாக்கியை நினைவூட்ட வேண்டி வந்தால், நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்து, வாங்க வந்தவர் பக்கமாகச் சற்றே நகர்த்துவார்; வாயைத் திறக்கமாட்டார். அவர் ஒன்றும் தர்மாத்மா அல்லர். நிறுவையில் அவர் கட்டைவிரல் அவ்வப்போது தட்டின்மேல் இளைப்பாறியதுண்டு என்பது ஊரறிந்த விஷயம். அது ஊராருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வறட்சி வருஷத்தில் வட்டியில்லாமல் பொறுத்துக்கொண்டதற்கு அதை ஈடாக ஊரார் வரவு வைத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

அடுத்தது வாடகைச் சைக்கிள் கடை. மட்கார்டிலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். கறுப்புப் பலகையில் சாக்குக்கட்டியால் நம்பரும் எடுத்த நேரமும் குறிக்கப்படும். முன்பணம் கிடையாது. கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: ‘யார் வீட்டுப் பிள்ளை?’ பதில் திருப்தியாக இருந்தால் சைக்கிள் கிடைக்கும். ஊருக்குப் புதியவன் கையில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், தெரிந்தவர் ஒருவரை அழைத்துவந்து சொல்லச் செய்யாமல் கொண்டுபோக முடியாது. பஞ்சர் ஒட்டுவதற்காக அவர் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்ற பையன்களே அவருடைய செய்தி ஸ்தாபனம்.

நாட்டு மருந்துக்கடை, கோலி சோடாக் கடை, துளசி மாலை கட்டுகிற பூக்கடை, உரக்கடை ஆகியவற்றை இங்கே பேரளவில் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறேன். பத்திர எழுத்தரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், இத்தொழிற்பிரதேசத்தின் சரித்திரம் முழுவதும் அவருடைய மேஜையின் மேலாகத்தான் கடந்து போயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் தாலுகாத் தலைநகரம். தாலுகா ஆபீஸும் சார்பதிவாளர் ஆபீஸும் உள்ள ஊரில், வாசலிலே ஒரு சாய்வு மேஜையும், முத்திரைத்தாள் கட்டும், மைக்கூடும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தர், பாமர ஜனங்களுக்குக் கலெக்டரைவிடப் பெரியவர். நஞ்சை, புஞ்சை, சர்வே நம்பர், பட்டா, சிட்டா, அடங்கல் என்ற சொற்களை அவர் உச்சரிக்கும்போது அவற்றுக்கு ஒரு மந்திர சக்தி வந்துவிடும். அவர் எழுதுகிற பத்திரத்திலே மிகவும் ரஸமான பகுதி நான்கெல்லை விவரம். இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்குக் கிழக்கு, ஏரிக்கால்வாய்க்குத் தெற்கு, பனைமரத்து வரப்புக்கு வடக்கு என்று எழுதும்போது, விற்பவர் வாங்குபவர் மட்டுமல்லாமல், சுற்றியிருந்த நாலு குடும்பத்தாரும் கால்வாயும் மரமும் அந்தக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். பதிவின்போது, எழுதிக் கொடுப்பவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்டச் சாட்சிகள் வேண்டும். வயல்வெளியிலிருந்து வரும் கிழவிக்குச் சாட்சிக்கு ஆள் கிடைக்காதபோது, பக்கத்து டீக்கடையிலிருந்தோ சைக்கிள் கடையிலிருந்தோ அவளை அறிந்த யாராவது ஒருவர் எழுந்து வருவார். அறிந்தவர் என்று ஒருவர் சொல்வதே அப்பொழுதெல்லாம் அடையாளச் சீட்டு.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1998-ல் அதன் முதற்கார் சந்தைக்கு வந்தது. 2000-த்தில் செயின்ட் கோபைன் கண்ணாடி, 2006-ல் நோக்கியா, அதையடுத்து சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லரின் லாரிகள், அதற்கு மறுவருஷம் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்த காலத்தில், மாம்பாக்கம், வல்லம், மாத்தூர், ஒரகடம் முதலான கிராமங்களின் நிலங்கள் கைமாறின. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பத்திர எழுத்தரின் மேஜையைச் சுற்றி அவர் ஆயுளிலே கண்டிராத கூட்டம் கூடிற்று. அதுவரையில் பனைமரமும் பங்காளிகளின் பெயரும் நிறைந்திருந்த நான்கெல்லை விவரங்களில், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் பெயரோடு, சிப்காட் நிலத்துக்கு மேற்கு, சிப்காட் சாலைக்குத் தெற்கு என்ற வாசகங்கள் ஏறலாயின. 2018-ல் பதிவுத்துறை இணையவழிக்கு முழுவதும் மாறியபின், பத்திரம் கணினியிலே உருவாகிறது. அடையாளத்துக்கு ஆதாரும் கைரேகையும் வந்துவிட்டன. இதனால் ஆள்மாறாட்ட மோசடிகள் குறைவதற்கு வழி ஏற்பட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் காலத்தில் ‘அறிந்தவர்’ என்று சொல்லக் காசு வாங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று பாடுவதற்காக நான் வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கடைகளை நினைத்துக் கண்ணீர் விடுகிறவர்கள் அந்தக் கடைகளில் யார் படியேறினார்கள், யார் கீழே நின்று துண்டை விரித்துச் சரக்கை வாங்கினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லுவதில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. கண்ணாடித் தம்ளர் ஒரு ஜாதிக்கும், வாசல் கம்பத்தில் மாட்டிய தகர டப்பா இன்னொரு ஜாதிக்கும் என்று ஏற்பட்டிருந்த காலத்தை ‘எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த காலம்’ என்று புகழ்வது எப்படிப் பொருந்தும்? அறிந்திருந்தார்கள், உண்மைதான், அதனால்தான் டப்பா எவனுக்கு என்பதிலே தவறு நேரவில்லை. முன்னே சொன்ன திருக்கச்சி நம்பிகளின் கதையிலும் இந்த முள் இருக்கிறது. அவரைப் பாகவதோத்தமராகப் பாவித்து, அவர் அமுது செய்த சேஷத்தை உண்ண வேண்டுமென்று இராமாநுஜர் ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்திருக்க, அவர் இல்லாத சமயத்தில் வந்து உண்டுபோன நம்பிகளுடைய இலையை எறிந்து, இடத்தை மெழுகி, மனைவியார் தஞ்சமாம்பாள் ஸ்நானமும் செய்துவிட்டார் என்பதை நம் பெரியோர்கள் மறைக்காமல் எழுதிவைத்தார்கள். நம்முடைய ஞாபகக் குறிப்புகளுக்கும் அந்த நேர்மை வேண்டும். ஒரு கடையைப் பற்றிக் கேட்கும்போது, கடைக்காரர் பேரனிடம் மட்டும் கேட்டால் போதாது. கீழே நின்று வாங்கியவருடைய பேத்தியிடமும் கேட்க வேண்டும்.

இப்போதுள்ள கடைத்தெருவுக்கு வருகிறேன். ஒரகடம் கூட்ரோட்டிலோ, சுங்குவார்சத்திரத்திலோ, மாத்தூர்ப் பக்கத்திலோ விடியற்காலையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஒரு ஷிப்டை இறக்கி மறு ஷிப்டை ஏற்றிப் போகின்றன. டீ மாஸ்டர் ஊரிலுள்ள எல்லாக் கம்பெனிகளின் மணி நேரத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள், திருவண்ணாமலை, விழுப்புரம், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய பெண் தொழிலாளர் விடுதி, ஜனத்தொகையில் ஒரு சிற்றூருக்குச் சமம். ஆனால் அதற்கு அம்மன் கோயில் திருவிழா கிடையாது, பெரியவர் சிறியவர் கிடையாது, எல்லோரும் ஒரே வயதினர். அவர்கள் செல்லும் அழகுசாதனக் கடையும், ரீசார்ஜ் கடையும், துணி தைக்கிற அக்காவின் ஒற்றை அறையுமே இன்றைய தலைமுறையின் கடைத்தெரு. முப்பது வருஷம் கழித்து எங்கேயோ ஒரு வீட்டில் பாட்டியாகப் போகிற ஒருத்திக்கு, தைத்துக் கொடுத்த அந்த அக்காவின் ஞாபகம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் இந்த ஊர்க்காரி அல்லள் என்று நாம் அந்த ஞாபகத்தைத் தள்ளிவிட்டால் நஷ்டம் நமக்கே.

நோக்கியா தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்திற்று. அதில் வேலை செய்தவர்கள் தொகையைப் பத்திரிகைகள் எழுதின; அவர்களுக்குப் பற்றெழுதியிருந்த மெஸ்காரர்களின் தொகையை யாரும் எழுதவில்லை. சம்பளத் தேதிக்குத் தருகிறேன் என்று சாப்பிட்ட பிள்ளைகளுக்குச் சம்பளத் தேதியே இல்லாமற்போனால் மெஸ் நடத்துகிற அம்மாள் என்ன செய்வாள்? பழைய மளிகைக்கடைக்காரருக்கு வறட்சி எப்படியோ இவளுக்குக் கதவடைப்பு அப்படி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வறட்சி வருஷத்துக் கடனாளி அதே தெருவில் இருந்தான். இவளுடைய கடனாளியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடக்கூடியவன். அது தெரிந்தும் இவள் சோறு போடுகிறாளே, எந்த ஜாமீனில்? மொழி தெரியாத பையனிடம் ‘யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்க முடியாது. ‘எந்த கம்பெனி, எந்த ரூம்’ என்று இரண்டு வார்த்தை கேட்கிறாள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்க்கிறாள். பிறகு ஏதோ ஓர் அபிப்பிராயத்துக்கு வந்து நோட்டை எடுக்கிறாள். அந்த அபிப்பிராயம் எப்படி ஏற்படுகிறது என்று அவளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால், பொருளாதார நூல்களில் காணக்கிடைக்காத ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

நோட்டு இல்லாத கடைகளும் பெருகிவிட்டன. கியூ.ஆர். குறியீட்டுக் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்பினால், கல்லாவின்மேல் இருக்கும் சிறிய பெட்டி ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று வீதிக்கே கேட்கும்படி கூவுகிறது. கணக்கு சுத்தம், சந்தேகமில்லை. ஆனாலும் பக்கத்தின் மேல் விரலை வைத்து வாய்திறவாமல் நகர்த்திய மனிதரைப் பார்த்த எனக்கு, அந்தப் பெட்டி கூவும்போதெல்லாம் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட விஷயங்களை எழுதுவதற்கு நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வ.ரா. நம்மைச் சுற்றியுள்ள சாதாரண மனிதர்களையே ‘நடைச் சித்திர’மாகத் தீட்டினார். சுந்தர ராமசாமி 1966-ல் வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’, நாகர்கோவிலில் ஒரு மரத்தடியையும் அதைச் சுற்றிய கடைகளையும், கதை சொல்லியே பொழுதைப் போக்கிய தாமோதர ஆசானையும் கொண்டு ஒரு நகரத்தின் மாறுதலையே காட்டிவிட்டது. மைசூர்ச் சீமையின் இராம்புராவில் தங்கி ஆராய்ந்த எம்.என். ஸ்ரீநிவாஸ், பல வருஷங்களாகத் திருத்தி வைத்திருந்த குறிப்புகளை 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் மூண்ட தீயிலே பறிகொடுத்துவிட்டு, ஞாபகத்தையே பெரும்பாலும் நம்பி அந்தக் கிராமத்தைப் பற்றிய புத்தகத்தை எழுதி 1976-ல் வெளியிட்டார். புள்ளிவிவரங்கள் எரிந்துபோன பிறகு மனிதர்கள் மிஞ்சினார்கள்.

ஞாபகத்தைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று முதியவரிடம் கேட்டால், அவர் சினிமாவிலே கேட்ட பதிலைத்தான் சொல்லுவார். பொருளைக் கேளுங்கள், விலையைக் கேளுங்கள், அளவைக் கேளுங்கள். 1957-ல் நயாபைசா வந்தபோது அணாக் கணக்கில் பழகிய கடைக்காரர் என்ன தகராறு செய்தார், வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தபோது யார் யாரை ஏமாற்றினார்கள், மண்ணெண்ணெய் எந்தப் பாத்திரத்தில் வாங்கினீர்கள் என்று கேட்டால், கடைக்காரருடைய குரல் முதற்கொண்டு திரும்பி வரும். ஒரு கடையைப் பற்றி மூவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவரும் ஒரே மாதிரி சொன்னால் சற்றுச் சந்தேகப்படுங்கள்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். உங்களில் பலருடைய வீட்டுப் பரணில் மூடிய கடையின் பழைய பற்று நோட்டுகள் கிடக்கும் என்று நம்புகிறேன். கரையானுக்கும் பழைய பேப்பர்க்காரருக்கும் கொடுப்பதற்குமுன், இங்குள்ள இளைஞர்களிடம் ஒரு வாரம் இரவல் கொடுங்கள்; கைப்பேசியாலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். படமெடுக்கிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கின் பெயர், அளவு, விலை, தேதி, வசூலாகாத பாக்கி எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுங்கள். கூட்டலில் தவறு இருந்தாலும் திருத்தாதீர்கள். கடன் வாங்கியவருடைய பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். கடைக்காரரே அதை யாரிடமும் சொன்னதில்லை.